கூட யார் வருகிறார்கள்?



இந்தியாவின் எந்த மூலையில் சட்டம் படித்தவரும் வேலூர் என்ற பெயரைத் தேர்வில் ஒருமுறையாவது எழுதியிருப்பார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அந்தத் தீர்ப்பில்தான். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுத்தால் மட்டும் பொறுப்பு தீர்ந்துவிடாது, கெட்டதைப் பழைய நிலைக்கு மீட்கும் செலவும் பொறுப்பில் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. ஈடு வேறு, மீட்பு வேறு. ஓர் ஆற்றுக்காக நம் ஊரிலிருந்து கிளம்பிய இந்த வேறுபாட்டை, அதே ஆற்றங்கரையில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்காகவும் கேட்டுப் பார்க்கத்தான் இன்று இந்தக் கல்லூரிக்கு வந்திருக்கிறேன்.

ஒப்புமையை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆறு கெடும். பெண் கெடுவதில்லை. நம் பேச்சுத் தமிழில் "கெடுத்துட்டான்" என்று ஒரு சொல் இருக்கிறது, பத்திரிகைத் தமிழில் நெடுங்காலம் "கற்பழிப்பு" இருந்தது. இரண்டிலும் குற்றம் செய்தவன் வினையோடு நின்றுவிடுகிறான், அழிந்தது என்று காட்டப்படுவது அவளுடையது. பெண்கள் இயக்கங்கள் பல ஆண்டுகள் சொல்லிச் சொல்லித்தான் "பாலியல் வன்கொடுமை", "வன்புணர்வு" என்ற சொற்கள் அச்சில் ஏறின. ஆனாலும் இன்றைக்கும் சாட்சிக் கூண்டில் நிற்கிற பெண்ணிடம் "உன்னைக் கெடுத்தானா?" என்று கேட்பதை நான் காதால் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்ல ஒரு பெண் என்ன பாடுபடுவாள் என்று யோசித்துப் பாருங்கள். நடந்ததை ஒப்புக்கொள்வதோடு, தான் கெட்டுப்போனவள் என்பதையும் சேர்த்தல்லவா ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது?

இந்த மாவட்டங்கள் அண்மையில் கண்ட இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டிலும் அந்தப் பெண்கள் யார், என்ன வேலை பார்த்தார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்பதைச் சொல்லமாட்டேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் சொல்லமாட்டேன்.

2022 மார்ச்சில் வேலூரில் இரவுக் காட்சி பார்த்துவிட்டு நண்பருடன் திரும்பிய ஒரு பெண், ஷேர் ஆட்டோ என்று நம்பி ஏறினார். வண்டி பாலாற்றங்கரைக்குத் திரும்பியது. அங்கே நடந்தது கூட்டு வன்கொடுமையும் கொள்ளையும். அவர் ஸ்டேஷனுக்கு நேரில் போகவில்லை, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பினார். வழக்கு நடந்து, 2025 ஜனவரியில் வேலூர் மகளிர் நீதிமன்றம் நான்கு பேருக்குத் தலா 20 ஆண்டுச் சிறை விதித்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்.

அடுத்த மாதமே இன்னொன்று. 2025 பிப்ரவரி 6 அன்று கோயம்புத்தூர்–திருப்பதி இன்டர்சிட்டி ரயிலில், மகளிர் பெட்டியில், கருவுற்ற பெண் ஒருவர் தாக்கப்பட்டு, கே.வி.குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டார். கரு கலைந்தது. அதே ஆண்டு ஜூலையில் திருப்பத்தூர் நீதிமன்றம் குற்றவாளிக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது, அரசும் தெற்கு ரயில்வேயும் தலா 50 லட்சம் ரூபாய் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்றது. ஐந்து மாதங்களில் தீர்ப்பு. நம் நீதிமன்றங்களால் இது முடியும் என்பதை இனி யாரும் மறுக்க முடியாது.

முதல் வழக்கின் மின்னஞ்சலுக்கு வருகிறேன். அன்றைக்கு அது விதிவிலக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவில் அது உரிமையாகிவிட்டது. மின்னணு வழியில் தகவல் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டால் போதும். சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஆம்பூரில் வேலை செய்து, பேரணாம்பட்டில் குடியிருந்து, குடியாத்தம் சாலையில் தாக்கப்பட்ட ஒருத்தியை "இது எங்க லிமிட் இல்லம்மா" என்று அனுப்பக் கூடாது. சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவதும் போதாது. இத்தகைய குற்றங்களில் முதல் தகவல் அறிக்கை பதிய மறுக்கும் அதிகாரிக்கே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு, நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவின்படி. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரி பதிய வேண்டும். அவள் வீட்டிலோ அவள் சொல்லும் இடத்திலோ பதிய வேண்டும். அறிக்கையின் நகல் இலவசம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் அவளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

மருத்துவமனைக்கும் இதே அளவு கடமை உண்டு. அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எந்த மருத்துவமனையும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாக உடனே கொடுக்க வேண்டும், மறுத்தால் தண்டனை. "முதல்ல எஃப்.ஐ.ஆர். கொண்டு வா" என்று சொல்ல எந்தக் கவுன்ட்டருக்கும் உரிமை கிடையாது. இரு விரல் பரிசோதனை என்ற அவமானத்தை உச்சநீதிமன்றம் 2013லேயே கண்டித்தது. 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு தமிழ்நாட்டில் அதைத் தடைசெய்யச் சொன்னது, அதே ஆண்டு அக்டோபரில் உச்சநீதிமன்றம், அதைச் செய்கிற மருத்துவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றது. மாணவியரே, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவசரக் கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குளிப்பதற்கு முன், துணி துவைப்பதற்கு முன் போனால் சாட்சியம் நிற்கும். உடுத்தியிருந்ததைக் கழற்ற நேர்ந்தால் காகிதப் பையில் வையுங்கள், பாலித்தீனில் வேண்டாம், புழுங்கிக் கெட்டுவிடும். குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போங்கள். தாமதமாகப் போனதால் யார் உரிமையும் போய்விடாது.

மருத்துவம் என்றதும் வேலூர்க்காரர்களுக்கு ஐடா ஸ்கடர் நினைவு வராமல் இருக்காது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று குடும்பங்கள் பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் கேட்டு வந்ததும், ஆண் மருத்துவரை ஏற்காமல் அந்த மூன்று பெண்களும் இறந்ததும்தான் அவரை மருத்துவம் படிக்க வைத்தன. 1900இல் வேலூருக்கு வந்து ஒற்றைக் கட்டிலோடு மருத்துவமனை தொடங்கினார். அந்த மூன்று பெண்களுக்கும் வைத்தியம் அதே ஊரிலேயே இருந்தது. அவர்கள் நம்பி உள்ளே விடக்கூடிய ஆள்தான் இல்லை. இந்த இடத்தை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறவர். கம்பெனியில் வெட்டிய தோலை ஏஜென்ட் மூட்டையில் கொண்டுவந்து வீட்டில் போடுவார், தைத்து முடித்ததை எண்ணி எடுத்துப் போவார், ஜோடிக்குச் சில ரூபாய் கூலி. வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் ஊசி. ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. நூலை இழுக்கும்போது அறுக்காமலிருக்க சைக்கிள் ட்யூபைத் துண்டாக வெட்டிச் சுண்டுவிரலில் மாட்டியிருந்தார். நான் பேசிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் அந்தக் கைகள் நிற்கவில்லை, அன்றைக்கு எண்ணிக்கை முடிய வேண்டும். மூட்டை கொண்டுவருகிறவன்தான் அவருக்குத் தொல்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருவான். ஒருநாள் கையைப் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறான். அவர் ஊசியால் குத்திவிட்டு ஓடிவந்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து மூட்டை வரவில்லை.

நான் சட்டம் சொன்னேன். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான், 2ஆம் பிரிவு அப்படித்தான் வரையறுக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான இடங்களுக்கும், முதலாளியே குற்றவாளியாக இருக்கும் இடங்களுக்கும் மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்க் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவ வேண்டியது அந்தக் குழுவின் வேலை. கையைப் பிடித்து இழுத்தது தனியாகக் கிரிமினல் குற்றம், அதற்கு ஸ்டேஷன். எல்லாம் கேட்டார். ஊசி நின்றது. "வக்கீலம்மா, எல்லாம் சரி. நான் போறேன். என்கூட யாரு வருவாங்க?"

"உங்கள் வீட்டுக்காரர்?" என்றேன். அவருக்குத் தெரிந்தால் வெட்டுக் குத்தாகும் என்றார். அக்கா? அவள் கம்பெனிக்குப் போகிறவள், ஒருநாள் லீவு போட்டால் அந்த மாத வருகைப் படியே போய்விடும். பக்கத்து வீடு? அங்கேயும் அதே ஏஜென்டின் மூட்டைதான். எனக்கு மறுநாள் வேறொரு நீதிமன்றத்தில் வழக்கு. அந்தப் பெண்ணுடன் நானும் போகவில்லை. அவர் புகார் கொடுக்கவில்லை. இத்தனை ஆண்டு தொழிலில் நான் தோற்ற வழக்குகள் பல. இது வழக்காகவே ஆகாமல் போனது. அதனாலேயே அதிகம் உறுத்துகிறது.

அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வியோடு சட்டப் புத்தகங்களைத் திரும்பப் படித்தேன். கூட வருகிற ஆளைப் பற்றிச் சட்டம் எங்கே பேசுகிறது?

பேசுகிறது. முதலில், இன்னொரு ரயில். 1993 பிப்ரவரியில் ராஞ்சியிலிருந்து டெல்லி போன முரி எக்ஸ்பிரஸில், வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பழங்குடிப் பெண்களை ராணுவத்தினர் சிலர் தாக்கினார்கள். டெல்லி வீட்டுப் பணிப்பெண்கள் மன்றம் உச்சநீதிமன்றம் போனது. 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பில் நீதிமன்றம் சொன்னது, இப்படிப் புகார் கொடுக்கும் பெண்ணுக்கு ஸ்டேஷனிலேயே வழக்கறிஞர் துணை இருக்க வேண்டும், அந்த உரிமை உண்டு என்று அவளிடம் கேள்வி கேட்பதற்கு முன்பே போலீஸ் சொல்ல வேண்டும், துணைக்கு வரத் தயாராக உள்ள வழக்கறிஞர் பட்டியல் ஸ்டேஷனில் இருக்க வேண்டும். முப்பது ஆண்டுகள் தாண்டிவிட்டன. நான் ஏறி இறங்கிய ஸ்டேஷன்களில் ரவுடிகள் படப் பட்டியலைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பட்டியலைப் பார்த்ததில்லை.

இரண்டாவது, 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகள். தோல் தொழிலில் தலித் பெண்கள் எத்தனை பேர் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு, அதன் 11ஆம் விதி பலரும் படிக்காதது. பாதிக்கப்பட்ட பெண் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் போக வழிச் செலவும் படியும் தர வேண்டும் என்கிறது. அத்தோடு, அவளே தேர்ந்தெடுக்கும் ஒருவர் அவளுடன் வரலாம், அந்தத் துணையாளுக்கும் செலவு தரப்பட வேண்டும் என்கிறது. யாரோ ஒரு வரைவாளர், ஆம்பூர் வாசற்படிக் கேள்வியை அப்போதே கேட்டிருக்கிறார். அதை எழுதியவர் யாரென்று தெரிந்தால் கும்பிடுவேன்.

மூன்றாவது, குழந்தைகள். போக்சோ வழக்குகளில் ஆதரவு நபர் கட்டாயம் என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. வாக்குமூலத்திலிருந்து தீர்ப்பு வரை ஒருவர் கூடவே இருப்பார்.

ஆக, பழங்குடி, பட்டியல் சாதிப் பெண்ணுக்கு விதியாகவும், குழந்தைக்குக் கட்டாயமாகவும், மற்ற பெண்களுக்குத் தீர்ப்பின் வாசகமாகவும் துணை இருக்கிறது. பணமாகக் கிடைக்கிற ஈடு இதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுத் திட்டப்படி வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்புணர்வுக்கு 5 முதல் 10 லட்சம். தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டாம், முதல் தகவல் அறிக்கையை வைத்தே இடைக்கால நிவாரணம் கேட்கலாம். ஆனால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் பஸ் ஏறிப் போய் மனு எழுதிக் கொடுக்க வேண்டுமே! மீண்டும் அதே கேள்வி.

கூட ஆள் இல்லாத இடத்தை யார் நிரப்புகிறார்கள் தெரியுமா? சமரசம் பேச வருகிறவர்கள். ஊர்ப் பஞ்சாயத்து, சாதிச் சங்கம், கட்சிக்காரர், சொந்தத் தாய்மாமன். "கட்டி வச்சிடலாம்" என்பார்கள். 2015 ஜூனில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரே, கடலூர் மாவட்ட வழக்கில் குற்றவாளிக்குச் சமரசம் பேச ஜாமீன் கொடுத்தார். சில வாரங்களில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. இடையில், ஜூலை 1 அன்று, வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம், வன்புணர்வில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கடுமையாகச் சொன்னது. நீதிபதிக்கே அந்தச் சபலம் வந்தது என்றால், ஆலமரத்தடியில் உட்காருகிறவரைப் பற்றி என்ன சொல்ல!

கூட நின்றால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். திருப்பத்தூருக்குத் தெற்கே, அரூர்ப் பக்கம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கடத்தல் சோதனை என்று வந்த வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். அந்தப் பெண்கள் சிறையில் இருந்தார்கள், ஊர் காலி. மலைவாழ் மக்கள் சங்கம் கூட நின்றது. மார்க்சிஸ்ட் கட்சியின் நல்லசிவன் உச்சநீதிமன்றம் வரை போனார். வழக்கு சி.பி.ஐ.க்கு மாறியது. சீருடைக்காரர்களின் வரிசை முன்னால் அந்தப் பெண்கள் நடந்து, இவன்தான், இவன்தான் என்று கைகாட்டினார்கள். 269 பேர் மீது வழக்கு. 54 பேர் இடையில் இறந்துபோக, 2011 செப்டம்பர் 29 அன்று மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது, பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்கச் சொன்னது, அதில் பாதியை வன்புணர்வுக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கச் சொன்னது. முப்பத்தொரு ஆண்டுகள் ஒரு பெண்ணும் பின்வாங்காமல் இருந்ததற்குக் காரணம் எந்தப் பிரிவும் அல்ல. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர்களோடு பஸ்ஸில் ஏறியவர்கள் இருந்தார்கள்.

வாச்சாத்திக்குக் கட்சியும் சங்கமும் இருந்தன. கம்பெனி லைனில் நிற்கிற பெண்ணுக்கு? 2013ஆம் ஆண்டின் பணியிடச் சட்டப்படி பத்துப் பேராவது வேலை செய்யும் எந்தக் கம்பெனியிலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், மூத்த பெண் தலைவர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். விடியற்காலையில் பெண்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்ஸும் இந்தச் சட்டத்தின் கண்ணில் பணியிடமே. விசாரணை நடக்கும்போது மூன்று மாதம் வரை விடுப்பு கேட்கலாம், அது அவள் சொந்த விடுப்பில் கழியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவள் போலீசுக்குப் போக விரும்பினால் உதவ வேண்டியது முதலாளியின் கடமை என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம் மீண்டும் ஒருமுறை, குழுக்களை அமையுங்கள், மாவட்ட அதிகாரிகளை நியமியுங்கள் என்று நாடு முழுமைக்கும் கெடு வைக்க வேண்டியிருந்தது.

காகிதக் குழுவுக்கு உயிர் கொடுப்பது எப்படி என்று திண்டுக்கல் காட்டியது. 2021 ஜனவரியில் அங்கே ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளரின் தொல்லைக்கு ஆளாகியிருந்தார் என்று குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். பெண்களே தலைமை ஏற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022இல் ஆலை நிர்வாகத்தோடும், துணி வாங்கும் எச்&எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இருபத்தைந்து தொழிலாளருக்கு ஒருவர் என்ற கணக்கில், தையல் லைனிலேயே வேலை செய்கிற பெண்கள் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பக்கத்து மெஷின்காரி. அவளிடம் சொல்ல அலுவலகக் கதவைத் தட்ட வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம். ஆம்பூர் ஷூவும் ஐரோப்பியக் கடைகளுக்குப் போகிறது. வாங்குகிறவரின் தணிக்கையாளர் வரும் நாளில் தீயணைப்பானைத் துடைத்து வைக்கிற கம்பெனிகள், லைனுக்கு ஒரு பெண்ணைப் பயிற்றுவிக்க முடியாதா? முடியும். கையால் தைக்கும் வீடுகளுக்கும் தெருவுக்கு ஒருத்தி இருக்க முடியும்.

ஓர் எச்சரிக்கை. கூட வருகிறவர் வாய் அடங்கியவராக இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி துணிந்து புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கை அவர் அடையாளத்தோடு வெளியே கசிந்தது. உயர்நீதிமன்றம் அந்தக் கசிவுக்காக மட்டுமே அரசு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு தர வேண்டும் என்றது. கசிய விடும் ஒவ்வொரு கையும் அடுத்த பெண்ணை வீட்டுக்குள் பிடித்துத் தள்ளுகிறது. ஐடா ஸ்கடரின் அந்த இரவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீடுகள் யாரை உள்ளே விடும் என்பதுதான் அன்றைக்குக் கேள்வியாக இருந்தது.

மாவட்டந்தோறும் சகி ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. 181க்கு எந்நேரமும் அழைக்கலாம். தங்க இடம், ஆலோசனை, மருத்துவம், வழக்கு உதவி கிடைக்கும். அங்கே இருக்கும் சிலரால் மாவட்டத்துப் பெண்கள் எல்லாரோடும் எல்லா வாய்தாவுக்கும் நடக்க முடியாது. அதனால் கல்லூரி முதல்வரிடம் ஓர் அனுமதி கேட்டேன், கொடுத்திருக்கிறார். கூட்டம் முடிந்து வெளியே போகும்போது வாசல் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கும். மூன்று பத்திகள். பெயர், ஊர், வாரத்தில் எந்த நாள் வர முடியும். எழுதுகிறவர்களுக்கு இரண்டு சனிக்கிழமை நான் பயிற்சி தருகிறேன், ஸ்டேஷனில் என்ன கேட்பது, மருத்துவமனையில் எங்கே கையெழுத்து, நீதிமன்றத்தில் எங்கே உட்காருவது, யாரிடமும் எதைச் சொல்லக் கூடாது. முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன். நாள், வியாழக்கிழமை.